கோட்டா அக்காவுக்குக் கிடைத்த ஒரு கிழமை

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவீர்கள். 'அன்ரன்' என்று அலுவலக மரியாதையோடு கூப்பிட்ட நேரங்களில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் எத்தனை பேர் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் இப்படியே தொடங்குகிறேன்.

உங்கள் ஆண்டுப் பூசைக்கு நினைவு மலர் ஒன்று அடிக்கிறார்கள். என்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உங்கள் நல்ல குணங்களை எழுத வேண்டுமாம். எழுதிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத பெரிய மனிதர் ஒருவர் போய்ச் சேர்ந்தது போல இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் மோட்டார் சைக்கிள் மதிலோடு சாய்ந்தபடி நிற்கிறது. நான் கப்பல்துறை வீட்டிலிருந்து பஸ்சில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். நிலையத்து வாசலில் மான்கள் முன்போலவே வழியை மறித்துப் படுத்துக் கிடக்கின்றன. உங்களுக்கு எழும்பி வழிவிட்டவை எனக்குக் காதைக்கூட ஆட்டுவதில்லை. ஒருத்திக்கு மட்டும் சோறு காய்ச்சுவது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. மிஞ்சுவதை மத்தியானம் நேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவனும் என் மனம் நோகக்கூடாது என்று வழித்துச் சாப்பிடுகிறான்.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தோம். இவர் நிலாவெளியில் படகேறிப் போய், தண்ணீருக்குள் ஒரு மைக்கை இறக்கி, திமிங்கிலங்கள் எழுப்பும் சத்தத்தைப் பதிவுசெய்து வருவார். நான் அந்தப் பதிவுகளும் மற்றவர்களின் கோப்புகளும் கிடக்கிற லினக்ஸ் சேர்வரைப் பார்க்கிறவள். நேசன் எனக்குத் துணை. சேர்வர் பழையது, டிஸ்க் சிறியது. ஒருவர் முழுவதையும் நிரப்பிவிட்டால் மற்ற எல்லாருடைய வேலையும் நின்றுவிடும். அதனால் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று நான்தான் கோட்டா போட்டேன்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கோடுகள். முதலாவதைத் தாண்டலாம், ஆனால் ஒரு கிழமை, ஏழு நாள்தான் தவணை. அதற்குள் எதையாவது அழித்துக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதற்குப் பிறகு புதிதாக ஒரு எழுத்தைக்கூடச் சேமிக்க விடாது. இரண்டாவது கோட்டை எந்தக் கொம்பனாலும் தாண்ட முடியாது. அது போக, தனி ஒரு கோப்பு குறித்த அளவுக்கு மேல் வளரவும் கூடாது. வளர்ந்தால் சேர்வர் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும்.

உங்களுக்கு இது பெரிய பகிடி. "திமிங்கிலம் வாய் திறக்கிற நேரம் பார்த்து உம்மட கோடு வந்து அதின்ர வாயைப் பொத்துதப்பா" என்பீர்கள். பெற்றோலுக்குக் கோட்டா வந்த காலத்தில் படகுக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "பெற்றோலுக்கு அரசாங்கம், டிஸ்க்குக்கு என்ர மனுசி. நான் ஆரிட்டப் போய் அழுறது?" என்றீர்களாம். எனக்குக் கோட்டா அக்கா என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான் என்று நேசன் இப்போதுதான் ஒத்துக்கொண்டான். இத்தனை வருடமும் நான் அவனைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன்.

இடம் கூட்டித் தரச் சொல்லி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எத்தனை! பக்கத்து அறையில் இருந்துகொண்டு, 'மாண்புமிகு சேர்வர் பொறுப்பாளர் அவர்களுக்கு, ஏழை ஊழியன் பணிவுடன் எழுதிக்கொள்வது' என்று தொடங்கும். நான் ஒரு சொல்லில் பதில் போடுவேன்: ஏலாது. நீங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பழையதை அழிப்பீர்கள். அதில் உங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்ததா? ஒருநாளும் நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

நீங்கள் போன விதம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நிலாவெளியிலிருந்து திரும்பி வந்த பஸ்சில், பதிவுக் கருவிப் பையை மடியில் வைத்தபடி. நித்திரை என்று நினைத்து நடத்துநர் கடைசித் தரிப்பிடம் வரை எழுப்பவில்லை. அந்த ஆளில் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு உங்களைப் படகில் கொண்டுபோன மரியதாஸ் அண்ணனிடம்தான், நோகுது என்று ஏதும் சொன்னாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லத் தங்கச்சி. வழமை போலத்தான் கதைச்சவர்" என்றார் பாவம். இப்போது என்னைக் கண்டால் அந்த மனுசன் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுகிறார்.

பையில் இருந்த கடைசிப் பதிவை நேசன் எடுத்து உங்கள் பெயரிலேயே சேர்வரில் போட்டான். அதோடு நீங்கள் முதற்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். கோட்டைத் தாண்டியவர்களுக்கு சேர்வர் ஒவ்வொரு காலையும் தானாக ஒரு எச்சரிக்கை அனுப்பும். ஒரு பிரதி எனக்கும் வரும். 'அன்புள்ள அன்ரன், உங்கள் பாவனை எல்லையைத் தாண்டியுள்ளது. தயவுசெய்து தேவையற்றவற்றை அகற்றவும். இப்படிக்கு, றெஜினா.' அதை எழுதிவைத்தவள் நான். செத்துப்போன புருசனுக்கு நானே ஒவ்வொரு காலையும் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். நிறுத்த ஒரு நிமிட வேலைகூட இல்லை. நிறுத்தவில்லை. உங்கள் பெயருக்கு இன்னும் ஏதோ போய்க்கொண்டிருக்கிறதே என்றிருந்தது.

நிலையத்தை நடத்துகிற பணிப்பாளர் நல்லவர். கன மாதங்கள் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார். போன மாதம் டிஸ்க் முழுவதும் முட்டிப்போய், ஒருவருக்கும் ஒன்றும் சேமிக்க முடியாத நிலை வந்தது. அறைக்குக் கூப்பிட்டார். "மிஸிஸ் அன்ரன், திமிங்கிலச் சத்தம் வந்ததெல்லாம் பொதுவில பிரதி எடுத்திட்டம். அவற்ற பேரில மிச்சம் கிடக்கிறது வெறும் தண்ணிச் சத்தம்தானே. நீங்களா ஒரு முடிவு எடுத்தா நல்லது" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, மடு மாதா கோயிலுக்குப் போவதாக லீவு எடுத்தேன். முடிவை எடுக்காமல் இருக்கத்தான் போனேன். மாதாவுக்கும் அது விளங்கியிருக்கும்.

நான் இல்லாத நேரத்தில் நேசன் எனக்கு உதவி செய்ய நினைத்திருக்கிறான். சேர்வரின் ஆட்கள் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டான். அந்த வேலையை நான் செய்ய நேரக்கூடாது என்று யோசித்திருக்கிறான். கோப்புகளில் கை வைக்கவில்லை. அக்கா வந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறான். அதே கிழமையில் புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்தாள். நஸ்ரின், மூதூர். நீங்கள் பார்த்த வேலைக்குத்தான்.

சேர்வருக்கு ஆட்களின் பெயர் முக்கியமில்லை என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அதற்கு நாங்கள் எல்லாரும் இலக்கங்கள்தான். கோப்பின் சொந்தக்காரர் என்று பதிந்திருப்பதும் இலக்கம்தான். எங்கள் வசதிக்காக அதைப் பெயராக மாற்றிக் காட்டுகிறது. மற்ற இடங்களில் புதியவருக்குப் புதிய இலக்கம் கொடுப்பார்கள். எங்கள் நிலையத்தில் இடையில் காலி விடாமல், போனவரின் இலக்கத்தை வருகிறவருக்குக் கொடுப்பது வழக்கம். போகிறவர்கள் தங்கள் கோப்புகளைத் துடைத்துவிட்டுத்தானே போவார்கள்? நீங்கள் அப்படிப் போகவில்லை. நேசன் வழக்கப்படி உங்கள் இலக்கத்தை நஸ்ரினுக்குக் கொடுத்துவிட்டான்.

மடுவிலிருந்து வந்த அன்று அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

"அக்கா, நான் இன்னும் ஒண்டுமே எழுதல்ல. இடம் முடிஞ்சிட்டெண்டு சொல்லுது. நான் ஏதும் பிழையா அமத்திட்டனா?"

"முதல் கிழமையிலயே இடத்தை முடிக்கிற அளவுக்கு என்னத்தைப் போட்டனீர்?" என்று எரிந்து விழுந்தேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

திறந்து பார்த்தேன். உங்கள் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. திகதி, இடம், எல்லாம் நீங்கள் வைத்த பெயர்கள். ஆனால் சொந்தக்காரர் பெயர் இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நஸ்ரின், நஸ்ரின், நஸ்ரின். உங்கள் பாரம் முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில். நீங்கள் எப்போதோ தாண்டிய கோட்டுக்கு அவளைத் தண்டித்துக்கொண்டிருந்தது சேர்வர்.

எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. உங்கள் உடுப்பை வேறொருத்தி போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தது போல. நேசன் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, சத்தியமா நான் யோசிக்கேல்ல. இப்பவே மாத்தி விடுறன்" என்றான். "நீ ஒண்டையும் தொடாதே, நான் பாக்கிறன்" என்றேன்.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு பதிவையாவது கேட்போம் என்று ஹெட்போனைப் போட்டேன். வழமை போலத் தொடக்கத்தில் நீங்கள். "நிலாவெளி. கரையில இருந்து வடக்கால. காத்து கொஞ்சம். கடல் சும்மா கிடக்கு. நான் அன்ரன்." அதற்குப் பிறகு தண்ணீர். நிறுத்தியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நிறுத்தப் பிந்திவிட்டது. பார்த்தால் நடுவில் உங்கள் குரல்! தொடக்கத்தில் இடமும் பெயரும் சொல்கிற சின்ன மைக்கை நிறுத்த மறந்திருக்கிறீர்கள்.

"அண்ணை, அந்தக் கிம்புலா பணிஸில ஒண்டைத் தாங்கோ. அவ கேட்டா கடலைதான் சாப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ."

மரியதாஸ் அண்ணன் சிரிக்கிறார். நீங்கள் வாய் நிறைய வைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்கிறீர்கள், விளங்கவில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஆளுக்கு, மாவில் சுட்டு மேலெல்லாம் சீனி ஒட்டின பணிஸ்! நான் ஒவ்வொரு காலையும் கடலை அவித்து டப்பாவில் போட்டுத் தந்தேனே, அதையெல்லாம் யார் சாப்பிட்டது? மீனா? அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி உங்களை வாய்விட்டு ஏசினேன். ஏசி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீர்ச் சத்தம் என்று அழிக்க முடியாது. எந்தப் பதிவில், எந்த மணித்தியாலத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் உங்கள் குரலில் மிச்சமாக இருப்பது அங்கேதான் சிதறிக் கிடக்கிறது. முழுவதையும் கேட்டால்தான் உண்டு.

நிலையத்துப் பதிவுகளை வெளியே கொண்டு போகமாட்டோம் என்று வேலைக்குச் சேரும்போது எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கு எடுத்துப் போக வழியில்லை. என்னுடைய இடத்தில் கிடந்த பழைய அறிக்கைகள், பிரதிகள் எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு உங்கள் கோப்புகளின் சொந்தக்காரரை மாற்றினேன். நஸ்ரின் என்று இருந்த இடமெல்லாம் றெஜினா ஆனது. அந்தப் பிள்ளை போய் வேலையைத் தொடங்கினாள். அடுத்த நாள் காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள றெஜினா, உங்கள் பாவனை எல்லையைத் தாண்டியுள்ளது. இப்படிக்கு, றெஜினா.' தவணை ஒரு கிழமை.

தவணையை நீட்டும் அதிகாரம் என் கையில்தான் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால், "இப்பவாவது நீட்டுமப்பா" என்றிருப்பீர்கள். எப்படி நீட்டுவது? உங்களுக்கே கூட்டித் தராதவள் நான். நீங்கள் எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு அழித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கு நான் என்ன மரியாதை கொடுத்ததாகும்? அதிகாரப் பாஸ்வேர்டை மாற்றி வைத்துக்கொள் என்று நேசனிடம் கொடுத்துவிட்டேன். கேட்டால் நீட்டித் தந்திருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

நஸ்ரின் ஒருநாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, என்ட இடத்தில பாதி சும்மாதான் கிடக்கு. அன்ரன் சேரிட பதிவு கொஞ்சத்த அதில வைங்களன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள். எரிந்து விழுந்தவளுக்கு இப்படி ஒரு மனம். "வேண்டாம் பிள்ளை, நீர் நாளைக்குக் கடலுக்குப் போகேக்க அது தேவைப்படும்" என்றேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்தக் கிழமை முழுவதும் கேட்டேன். காலையில் வந்து உட்கார்ந்தால் காவலாளி கதவைப் பூட்ட வரும்வரை. நேசன், வேகமாக ஓட்டிக் கேட்கலாம் அக்கா என்று காட்டித் தந்தான். உங்கள் குரல் அணில் கத்துவது போல வந்தது. அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமல் இருக்கலாம். ஒன்றைக் கேட்டு முடித்ததும் உங்கள் குரல் வந்த துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டு மற்றதை அழித்தேன். ஒன்றில் தும்மல். ஒன்றில் நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் நீங்கள் முணுமுணுக்கும் அந்தப் பாட்டு, சொல்லில்லாமல். ஒன்றில் முழுநேரமும் தண்ணீர்தான். அதையும் விடாமல் கேட்டேன். நீங்கள் நாள்முழுக்க எதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிய வந்தது. பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இவ்வளவு பொறுமையாகக் கேட்டீர்களா? வீட்டில் நான் பேசினால் மட்டும் ஏன் நித்திரையானீர்கள்?

தவணை முடிகிற அன்று பாதியைக்கூடக் கேட்டிருக்கவில்லை. மிச்சமானவற்றின் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். "நான் அன்ரன்", "நான் அன்ரன்" என்று ஒவ்வொன்றிலும் சொன்னீர்கள். பிறகு அவற்றைக் கேட்காமலே அழித்தேன். எந்தப் பகிடி போனது, என்னைப் பற்றி என்ன கதைத்தீர்கள், எதுவும் இனி எனக்குத் தெரியப் போவதில்லை. நீங்கள் போன அன்று வீட்டில் அவ்வளவு சனம். அன்றைக்கு ஒருவரும் என்னைத் தனியே விடவில்லை. இந்த முறை நான் தனியே உட்கார்ந்து, என் கையாலேயே உங்களை இன்னொரு தரம் அனுப்பி வைத்தேன்.

கடைசிப் பதிவு மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நாளுடையது. ஆகப் பெரியதும் அதுதான். அதை வைத்தால் நான் கோட்டுக்கு மயிரிழை மேலே நிற்பேன். வேறு அழிக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். 'ஏழை ஊழியன் பணிவுடன் எழுதிக்கொள்வது' எல்லாம் கிடந்தன. எனக்கு மனப்பாடமாக இருப்பவைதானே என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக அழித்தேன். அடுத்த நாள் காலை எச்சரிக்கை வரவில்லை. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டேன்.

அந்தப் பதிவு இப்போது என் பெயரில் இருக்கிறது. அதில் நெஞ்சு நோகிறது என்று சொன்னீர்களா? இல்லை, பணிஸ்தான் கேட்டீர்களா? ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் எத்தனையோ தரம் உட்கார்ந்துவிட்டேன். தொடங்கவில்லை. அந்தக் கிழமையில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கேட்டு முடித்ததையெல்லாம் அழித்துவிட்டேன். இதையும் கேட்டு முடித்தால் நீங்கள் எனக்குச் சொல்ல மீதி ஒன்றும் இருக்காது.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தச் சேர்வரில் எனக்கு ஒரு பிடி இடம் இருக்கும்வரை அந்தப் பதிவு இருக்கும். அதற்காக வேறு எதை அழிக்க நேர்ந்தாலும் அழிப்பேன். அதை மட்டும் நான் கேட்கமாட்டேன். நீங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னமும் உங்கட மனுசி,
றெஜினா